ஒரு சின்னத்தின் முதுமை

மனிதர் முதுமையடைகின்றனர், அவர் கையாண்ட பண்டங்களும் தேய்ந்து பழுதாகின்றன. இவ்விரண்டும் இயற்கை. ஆனால் ஒரு வியாபாரச் சின்னம் முதுமையடையுமா? இரும்புமல்லாத, எண்ணெயுமல்லாத, சட்டப் பதிவேட்டிலே மட்டும் வாழும் பெயரொன்று, தன்னை நேசித்த மனிதரோடு கூடவே நரைத்துத் தளர்ந்து போகுமா? ஐக்கிய அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சன் மோட்டார்ச் சைக்கிளைப் பற்றி அந்நாட்டுப் பொருளாதாரப் பத்திரிகைகள் பல்லாண்டுகளாக எழுதிவருவனவற்றை நோக்குமிடத்து, ஆம் என்றே சொல்லத் தோன்றுகிறது. அப்பத்திரிகைகள் இதனை விற்பனைப் பிரச்சினையாக மட்டுமே காண்கின்றன. நமக்கோ இதனுள் வேறொரு கேள்வி தென்படுகிறது. ஒரு பண்டத்தின் மீது மனிதர் வைத்த அன்பு யாருக்குச் சொந்தம்? அவ்வன்பை மூலதனமாக்கி இலாபமீட்டியோர், அன்பு செலுத்தியவர்கள் தளரும் வேளையில் அவர்களுக்கு ஏதேனும் கடன்பட்டவரா?

நம்முள் பெரும்பாலோர் இவ்வண்டியைத் திரைப்படத்திலன்றிக் கண்டிருக்கமாட்டோம். ஆகவே அதன் வரலாற்றைச் சற்று விரித்துரைத்தல் அவசியம்.

விஸ்கொன்சின் மாநிலத்தின் மில்வோக்கி நகரிலே, 1903ஆம் ஆண்டு, வீட்டுப் பின்வளவில் எழுப்பப்பட்ட சிறியதொரு மரக்கொட்டிலில் இத்தொழில் தொடங்கிற்று. வில்லியம் ஹார்லியும் டேவிட்சன் சகோதரரும் கைவினைத் திறன் மிக்க இளைஞர். அவர்கள் செய்தது பயன்பாட்டுக்குரிய ஒரு வண்டி. தபாற்காரர் அதில் ஏறினர், பொலிசார் ஏறினர், இரண்டாம் உலக யுத்தத்தில் ஏறக்குறைய 90,000 வண்டிகள் நேச நாட்டுப் படைகளுக்காகச் செய்யப்பட்டன. உள்நாட்டுப் பெரும் போட்டியாளராயிருந்த 'இந்தியன்' கம்பனி 1953இல் உற்பத்தியை நிறுத்த, ஹார்லி தனித்து நின்றது.

இவ்வண்டியின் இயந்திரத்தைப் பற்றி ஒரு செய்தி கூறவேண்டும். அது நமது விடயத்துக்கு மிக நெருங்கியது. இரு உருளைகள் 45 பாகைச் சாய்வில் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. இரண்டின் தண்டுகளும் சுழலச்சின் ஒரே முளையிற் பொருத்தப்பட்டுள்ளன. அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் நிகழா. ஒன்றையடுத்து மற்றொன்று விரைந்து வரும், பின்னர் ஒரு நீண்ட இடைவெளி. நொண்டி நடக்கும் குதிரையின் குளம்பொலி போன்ற அந்த ஓசைதான் ஹார்லியின் குரல். எளிமையும் சிக்கனமும் கருதிய ஒரு பொறியியல் ஏற்பாட்டின் தற்செயலான பக்கவிளைவு அது. அத்தற்செயலை மனிதர் நேசிக்கத் தொடங்கினர். 1994இல் கம்பனி அந்த ஓசையையே தனது வியாபாரச் சின்னமாகப் பதிவுசெய்ய விண்ணப்பித்தது. போட்டிக் கம்பனிகள் எதிர்க்க, 2000இல் விண்ணப்பத்தைக் கைவிட்டது. காற்றில் கலந்து மறையும் ஒலிக்கும் உறுதி எழுதி வேலியடைக்க முனைவதே தனிச்சொத்தின் இயல்பு.

ஓசைக்கு வேலியடைக்க முடியாமற் போயிற்று. 'சுதந்திரம்' என்ற சொல்லுக்கு ஏறத்தாழ முடிந்தது. யுத்தத்திலிருந்து மீண்ட இளைஞர் சிலர் ஆலை வாழ்க்கைக்கும் ஒழுங்கான குடும்ப வாழ்க்கைக்கும் இசையாது கூட்டங் கூட்டமாக வண்டிகளில் அலைந்தனர். 1947 யூலையில் கலிபோர்னியாவின் ஹொலிஸ்ரர் என்னும் சிற்றூரில் அவர்கள் செய்த ஆரவாரத்தைப் பத்திரிகைகள் பெருங் கலவரமாக்கின. கம்பனி முதலில் இத்தகையோரைத் தன் வாடிக்கையாளரென ஏற்கவே வெட்கியது. பின்னர்தான் கலகக்காரனின் படம் நல்ல விலைக்குப் போகும் என்பதைக் கண்டுகொண்டது. 1969இல் வெளியான 'ஈசி றைடர்' திரைப்படம் அப்படத்தை உலகெங்கும் பரப்பிற்று. அதில் ஓடிய வண்டிகள் பொலிசார் ஏலத்தில் விற்ற பழைய ஹார்லிகள். அவற்றை உருமாற்றிச் சமைத்தவர்கள் கிளிபோட் வோஸ், பென் ஹார்டி என்னும் கறுப்பினத்தவர் இருவர். படத்தில் அவர்தம் பெயர்கள் குறிக்கப்படவில்லை. பல ஆண்டுகளின் பின்னரே அவ்வுண்மை பரவலாக அறியப்பட்டது. 1930களிலிருந்து தனியளாய் அமெரிக்கா முழுவதும் ஹார்லியில் சுற்றிய கறுப்பினப் பெண்ணான பெசி ஸ்ரிங்பீல்டையும் நெடுங்காலம் எவரும் விளம்பரத்தில் ஏற்றவில்லை. சுதந்திரத்தின் முகம் வெள்ளை ஆணின் முகமாகவே இருக்கவேண்டுமென்று சந்தை தீர்மானித்திருந்தது. அத்தீர்மானத்தின் விலையைத்தான் இன்று அதே சந்தை செலுத்திக்கொண்டிருக்கிறது.

அதே 1969இல் ஏ.எம்.எப். என்னும் பெருங் கம்பனி ஹார்லியை விழுங்கியது. உற்பத்தி பெருகிற்று; தரம் வீழ்ந்தது. 1981இல் அதிகாரிகள் பதின்மூவர் கடன்பட்டுக் கம்பனியை மீள வாங்கினர். 1983இல் சனாதிபதி றீகன் 700 கன சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளின் தீர்வையை 4.4 வீதத்திலிருந்து 49.4 வீதமாக உயர்த்தினார். தடையற்ற சந்தையே தெய்வமென்று உலகுக்கு உபதேசித்த அரசு அது! உள்ளே நடந்ததோ இன்னும் சுவையானது. யப்பானிய வண்டிகளைத் தேசத்தின் பகையெனச் சித்திரித்த கம்பனி, உதிரிப்பாகம் வேண்டும் வேளையில் மட்டும் வந்துசேரும் யப்பானிய உற்பத்தி முறையைக் கற்றே பிழைத்தது. 1987இல், காலம் முடியுமுன்னரே, தீர்வை இனி வேண்டாமென்று தானே அறிவித்தது.

பின்வந்த இருபது ஆண்டுகள் பொற்காலம். யுத்தத்தின் பின் பிறந்த தலைமுறை நடுவயதை அடைந்து கையிற் பணத்துடன் நின்றது. இளமையில் வாங்க இயலாததை, அல்லது வாழ இயலாததை, அவர்கள் இப்போது வாங்கினர். வாரத்தில் ஐந்து நாள் கந்தோர் மேசையில் அடங்கியிருந்தவர் ஆறாம் நாள் தோலுடை அணிந்து கலகக்காரரானார். 2006இல் கம்பனி அனுப்பிய வண்டிகள் ஏறக்குறைய 349,000. 2024இல் அத்தொகை ஏறக்குறைய 150,000.

இடையில் நடந்தது என்ன? அமெரிக்க மோட்டார்ச் சைக்கிள் உரிமையாளரின் இடைநிலை வயது 1990இல் 32, 2014இல் 47, 2018இல் 50. பெருமளவில் அதே மனிதர்களே மூத்து வந்தனர் என்பதைச் சுட்டும் கணக்கு இது. புதியவர் வரவில்லை. நானூறு கிலோவை அண்மிக்கும் பெரிய வண்டிகளைச் சிவப்பு விளக்கில் நிறுத்திக் காலூன்றித் தாங்க முழங்கால் வேண்டும், இடுப்பு வேண்டும். 2008 முதல் கம்பனி மூன்று சில்லுகளும் பின்னோக்கிச் செலுத்தும் வசதியும் கொண்ட வண்டியொன்றையும் விற்கிறது. இதைக் கேட்டு நகைப்போர் உண்டு. நாம் நகைக்கவேண்டியதில்லை. தளர்ந்த கிழவரொருவர் மூன்று சில்லிலேனும் காற்றை முகத்தில் ஏற்க விரும்புவது எள்ளற்குரியதன்று. மனித உடலுக்கு இசைய இயந்திரம் வளைந்து கொடுத்த அரிய தருணங்களுள் அது ஒன்று.

எள்ளற்குரியது வேறொன்று. இக்கிழவர்களைப் பற்றி முதலீட்டாளர் பேசும் மொழி. அவர்களது வயது நட்டக் கணக்கிலே ஓர் உருப்படி. அவர்களது மரணம் 'சந்தைச் சுருக்கம்'. கம்பனி 1983இல் அமைத்த உரிமையாளர் சங்கம் அவர்களை ஒரு குடும்பமென்று அழைத்தது; அவர்களுட் பலர் கம்பனியின் பெயரைத் தம் தோலிலேயே பச்சை குத்திக்கொண்டனர். வேறெந்தப் பண்டத்தின் பெயரை இவ்வளவு மனிதர் உடலில் எழுதிக்கொண்டனர்? குடும்பமெனில் முதியோரைக் குறித்துக் கவலை இருக்கும். இங்கு உள்ள கவலை முதியோரை ஈடுசெய்ய எவர் வருவார் என்பது மட்டுமே.

"எவரும் எவரையும் வற்புறுத்தவில்லையே, விரும்பினோர் வாங்கினர், கம்பனி விற்றது, கணக்கு முடிந்தது" என்று சிலர் வாதிக்கக்கூடும். இரும்பை மட்டும் விற்றிருந்தால் அவ்வாதம் பொருந்தும். இரும்பின் விலைக்கு மேலாகப் பெறப்பட்ட தொகை எதற்கானது? தோழமைக்கு, விசுவாசத்துக்கு, ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவன் என்ற உணர்வுக்கு. மனிதருக்கிடையே உள்ள உறவு பொருள்களுக்கிடையே உள்ள உறவாகத் தோற்றம் பெறுவதைக் கார்ல் மார்க்ஸ் 1867இல் வெளியான தமது 'மூலதன'த்தில் விளக்கினார். ஹார்லியின் விடயத்தில் அவ்வுறவே விலைச்சீட்டு ஒட்டப்பட்டு விற்பனைக்கு வந்தது. உறவை விற்றவன் உறவின் கடமையை மட்டும் ஏற்கேன் என்பது நேர்மையான வியாபாரமுமன்று.

இளைஞர் ஏன் வரவில்லை என்பதற்கும் ஒரு சொல். இக்காலத்து இளைஞருக்கு வீரமில்லை, கைத்தொலைபேசியே அவர்க்கு உலகம் என்ற புலம்பல் எளிதானது. ஆனால் அமெரிக்காவில் கல்விக்காகப் பட்ட கடனின் மொத்தம் 1.7 இலட்சங் கோடி டொலரைத் தாண்டியுள்ளது. பல்கலைக்கழகத்திலிருந்து கடனாளியாய் வெளிவந்து, வீட்டு வாடகைக்கே சம்பளத்தைப் பறிகொடுப்பவன் இருபதாயிரம் டொலருக்குச் சுதந்திரம் வாங்குவது எங்ஙனம்? 2019இல் இளைஞரைக் கவரவென வந்த 'லைவ்வயர்' மின்சார வண்டியின் விலை 29,799 டொலர். பின்னர் தனிக் கம்பனியாகப் பிரிக்கப்பட்ட லைவ்வயர், 2024ஆம் ஆண்டு முழுவதிலும் விற்ற மின்சார மோட்டார்ச் சைக்கிள்கள் 612. தந்தையர் கொண்டாடிய கலகத்தைப் பிள்ளைகள் நிராகரிக்கவில்லை. அது அவர்களுக்கு எட்டாத விலையில் வைக்கப்பட்டிருந்தது. அன்றியும், தந்தையின் கலகத்தைத் தந்தையின் உடையிலேயே அணியும்படி மகனைக் கேட்பது என்ன வகைக் கலகம் என்ற ஐயமும் அவனுக்கு எழுந்திருக்கலாம்.

இனி, இம்முதுமையின் சுமையை யார் தோளில் ஏற்றினர் என்பதைக் காண்போம். மிசூரி மாநிலத்தின் கன்சாஸ் நகர ஆலை 1990களின் பிற்பகுதியில் திறக்கப்பட்டபோது, தொழிற்சங்கங்களும் நிர்வாகமும் கூடி நடத்தும் முன்மாதிரி என்று புகழப்பட்டது. 2017 டிசம்பரில் அமெரிக்க அரசு கம்பனிகளின் வருமான வரியை 35 வீதத்திலிருந்து 21 வீதமாகக் குறைத்தது. வேலைவாய்ப்புப் பெருகுமென்பது சொல்லப்பட்ட காரணம். 2018 சனவரி இறுதியில் அந்த ஆலை மூடப்படுமென்று ஹார்லி அறிவித்தது. ஏறக்குறைய 800 பேரின் வேலை போயிற்று. சில நாட்களுள் கம்பனி பங்கிலாபத்தை உயர்த்தியது. 15 மில்லியன் பங்குகள் வரை மீள வாங்கவும் அனுமதித்தது. தாய்லாந்தில் புதிய ஆலையொன்று அவ்வாண்டே இயங்கத் தொடங்கிற்று. தாய்லாந்துத் தொழிலாளிமீது நமக்குக் குறையில்லை. அவனும் உழைத்து உண்பவன். விற்பனை குறைந்ததென்ற அதே காரணம் தொழிலாளிக்கு வேலைநீக்கமாகவும் பங்குதாரருக்குப் பரிசாகவும் மாறியதெப்படி என்பதே நமது கேள்வி.

சின்னம் தப்பிப் பிழைக்கவேண்டுமென்பதற்காக இவை யாவும் செய்யப்பட்டன என்பர். எது பிழைக்கிறது? 2023இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த ஹார்லி எக்ஸ் 440 என்னும் வண்டியைச் செய்வது ஹீரோ கம்பனி. அதில் ஓர் உருளையே உண்டு. அந்த நொண்டிக் குதிரையின் ஓசை இல்லை. மில்வோக்கித் தொழிலாளியின் கையும் அதில் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. ஆலையும், தொழிலாளியும், ஓசையும், ஓட்டுபவனும் மாறியபின் எஞ்சும் பெயரை ஹார்லி என்போமாயின், ஹார்லி என்பது ஆதியிலிருந்தே உரிமைப் பத்திரமொன்றன்றி வேறில்லை என்றாகும். கிழவர்கள் நேசித்தது அப்பத்திரத்தையா?

எனினும் பெயர் இடம்பெயர்வதை முற்றாகப் பழிப்பதற்குமில்லை. இங்கிலாந்தின் றெடிச் நகரில் 1901இல் தன் முதலாவது மோட்டார்ச் சைக்கிளைச் செய்த றோயல் என்ஃபீல்ட், 1970களின் தொடக்கத்தோடு அந்நாட்டில் மடிந்தது. ஆனால் 1955இல் சென்னையில் தொடங்கப்பட்ட கிளை மடியவில்லை. திருவொற்றியூர் ஆலையில் 'புல்லட்' வண்டி தொடர்ந்து செய்யப்பட்டது. ஏனெனில் இராணுவமும் பொலிசும் கிராமத்துப் பால்காரனும் அதில் ஏறினர். அங்கு அது நெடுங்காலம் சின்னமாயிருக்கவில்லை, வண்டியாயிருந்தது. 2024–25 நிதியாண்டில் அக்கம்பனி பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளை விற்றது. இன்று அங்கும் வண்டியோடு பழங்கால நினைவைச் சேர்த்து விற்கும் விளம்பரங்கள் மலிந்துவிட்டன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

அமெரிக்காவில் இதற்கிடையே வேறொன்று நிகழ்கிறது. முதியோர் இறக்க, அல்லது ஓட்டுவதை நிறுத்த, அவர்தம் வண்டிகள் வீட்டுக் கொட்டில்களிலிருந்து பழைய வண்டிச் சந்தைக்கு வருகின்றன. நன்கு பேணப்பட்டவை, விலை புதியதிற் பாதி, சில அதிலுங் குறைவு. கையில் பணம் குறைந்த இளைஞன் ஹார்லியில் ஏறுவதாயின் பெரும்பாலும் அவ்வழியாகவே ஏறுகிறான். கைம்பெண்ணொருத்தி கணவனின் வண்டியைத் தூசு துடைத்துக் கொடுக்கையில், அது எந்த மலைப்பாதையில் எப்படி ஓடிற்றென்றும் சொல்லிக் கொடுக்கிறாள். தலைமுறைகள் கைமாறும் இடம் இதுவே. ஆனால் இவ்விற்பனையில் கம்பனிக்கு ஒரு சதமும் சேராமையால், புதிய வண்டிகளின் விற்பனையைக் கெடுக்கும் காரணங்களுள் ஒன்றாகவே அதன் அறிக்கைகள் இதனைக் குறித்துவந்தன. 2021இல் கம்பனி பழைய வண்டிகளுக்கென்று தன் பெயரிலேயே ஓர் இணையச் சந்தையைத் திறந்தது.