உருகும் பனியும் உடைமை அறமும்

ஒருவன் ஒரு பொருளை 'எனது' என்று கூறுவதற்கு உரிய நியாயம் யாது? அவன் தானே உழைத்து ஆக்கிய பொருளாயின் விடை எளிது. முன்னோர் தேடிவைத்த பொருளாயின் விடை சற்றுக் கடினம். எவரும் ஆக்காத, வானிலிருந்து வீழ்ந்து மலையில் உறைந்து வெயிலில் உருகிவரும் நீரை ஒருவன் 'எனது' என்பானாயின், அக்கூற்றுக்கு நியாயம் காண்பது மிகக் கடினமாகும். இது வெறும் ஏட்டு வினாவன்று. ஐக்கிய அமெரிக்காவின் மேற்கிலுள்ள ஓர் உயர்நிலப் பாலையில் நூறாண்டுகளுக்கு மேலாக மனிதர் வழக்காடியும் போராடியும் வந்த வினா இது. அவ்வரலாற்றின் துணைகொண்டு உடைமையின் அறத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கே சியரா நெவாடா மலைத்தொடர் மதிலென நீண்டு கிடக்கின்றது. பசிபிக் சமுத்திரத்திலிருந்து வரும் ஈரக்காற்று அதன் மேற்குச் சரிவிலும் முகட்டிலும் தன் சுமையை இறக்கிவிடுகின்றது. ஆதலால் மலைக்குக் கிழக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில் அமைந்த ஓவன்ஸ் பள்ளத்தாக்கு பாலையாயிற்று. ஆண்டு முழுவதும் அங்கு பெய்யும் மழை ஐந்தாறு அங்குலமே. எனினும் மாரியில் முகடுகளிற் படிந்த பனி, மே, யூன் மாதங்களின் முதல் வெம்மையில் உருகத் தொடங்குகின்றது. நண்பகலில் உருகிய நீர் மலையடியை அடையும்போது பொழுது சாய்ந்துவிடும். எனவே காலையில் மெலிந்தோடும் ஓடை இரவிற் பெருகி ஒலிக்கும். அந்நிலத்தில் நீரைத் தருவது வெயிலே. கோடையின் இடிமழையோ பலவேளைகளில் நிலத்தைத் தொடுமுன்னரே வறண்ட காற்றில் ஆவியாகிவிடும். தொட்ட இடத்திலோ கல்லும் சேறும் புரளும் திடீர் வெள்ளமாகிப் பாதைகளை அறுத்துச் செல்லும்.

இப்பனிநீரை முதலில் ஆண்டவர்கள் பையூட் என்னும் பழங்குடி மக்கள். பிஷப் ஓடையினின்று வாய்க்கால் வெட்டிக் காட்டுக் கிழங்குகள் விளையும் நிலங்களுக்கு அவர்கள் நீர் பாய்ச்சினர். பனி உருகத் தொடங்கும் இளவேனிலில் நீர்ப்பாய்ச்சலுக்குப் பொறுப்பான ஒருவரைத் தம்முள் தெரிந்தெடுத்தனர். 1861 அளவில் வெள்ளையர் வந்து குடியேறினர். 1863 இல் பையூட் மக்களிற் பெருந்தொகையினரை இராணுவம் அப்பள்ளத்தாக்கினின்றும் வெளியேற்றி நடத்திச் சென்றது. அவர்கள் வெட்டிய வாய்க்கால்களின் நாட்டில் புதியவர்கள் பண்ணை அமைத்தனர்.

பின்னர் அப்புதியவர்களின் முறையும் வந்தது. 1900 இல் ஏறத்தாழ ஒரு இலட்சம் மக்கள் வாழ்ந்த லொஸ் ஏஞ்சலிஸ் நகரம் 1910 இல் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டதாயிற்று. நகரத்தின் சார்பில் பள்ளத்தாக்கின் நிலங்களும் நீருரிமைகளும் ஓசையின்றி விலைக்கு வாங்கப்பட்டன. 1913 இல் 233 மைல் நீளமான கால்வாய் திறக்கப்பட்டது. நீரேற்றும் பொறி ஒன்றேனுமின்றி, நிலத்தின் சரிவையே துணையாகக் கொண்டு மலைநீரை நகருக்குக் கொணர்ந்த அக்கால்வாய் பொறியியலின் அருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. பள்ளத்தாக்கினர் 1924 இல் வெடிவைத்து அதனைத் தகர்த்தனர். அது திருத்தப்பட்டு நீர் மீண்டும் ஓடியது.

நகரத்தின் உரிமைக்கு இருவகை நியாயங்கள் கூறப்படலாம். முதலாவது, உழைப்பின் நியாயம். பொதுவான இயற்கைப் பொருளுடன் ஒருவன் தன் உழைப்பைக் கலக்கும்போது அது அவனது உடைமையாகின்றது என்றார் ஜோன் லொக். ஆனால் ஏனையோருக்கும் போதிய அளவும் அதே தரமும் எஞ்சியிருத்தல் வேண்டும் என்ற நிபந்தனையையும் அவரே விதித்தார். பெருநதிக் கரையில் ஒருவன் அள்ளும் குடம்நீர் இந்நிபந்தனைக்குள் அடங்கும். பாலையின் ஒரே ஆற்றைத் திருப்புதல் எவ்வாறு அடங்கும்? மேலும், உழைப்பே உரிமை தருமாயின் முதல் வாய்க்காலை வெட்டிய பையூட் மக்களின் உரிமை எங்கே போயிற்று?

இரண்டாவது, பயனின் நியாயம். மிகப் பலரின் மிகப் பெரும் நன்மையே சரியான செயலின் அளவுகோல் என்பது ஜெரமி பெந்தமின் வழிவந்த கொள்கை. 1906 இல் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் நகரத்தின் பக்கம் நின்றபோது, அந்நீர் பள்ளத்தாக்கின் சிலருக்குப் பயன்படுவதிலும் நகரத்தின் பலருக்குப் பயன்படுவதே பன்மடங்கு சிறந்தது என்னும் கருத்தையே கொண்டிருந்தார். இவ்வாதத்தை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. நகரத்துக் குழந்தையின் தாகமும் தாகமே. ஆயினும் எந்தக் கணக்கிலும் தொகையை நோக்குமுன் நிரலை நோக்குதல் வேண்டும்: யார் எண்ணப்பட்டனர், யார் எண்ணப்படாது விடப்பட்டனர்? 1906 இன் கணக்கில் நகரத்தார் இருந்தனர், பண்ணையாளர் இருந்தனர். பையூட் மக்கள் இல்லை. ஆறு சென்று சேர்ந்த ஓவன்ஸ் ஏரியும் இல்லை.

அவ்வேரி நூறு சதுர மைலுக்கும் மேற்பட்ட பரப்புடையதாயிருந்தது. ஆறு திருப்பப்பட்டபின் 1926 அளவில் அது வற்றியது. உப்புப் படிந்த அதன் படுகையிலிருந்து காற்று வாரியெடுத்த புழுதி, ஆசனிக்கு முதலிய நச்சுகளையும் சுமந்து, அயலில் வாழ்ந்தோரின் மூச்சிற் கலந்தது. ஐக்கிய அமெரிக்காவில் தனியோர் இடத்திலிருந்து எழும் நுண்துகள் மாசுகளுள் அதுவே மிகப் பெரியதாயிற்று. நீருக்கு உரிமை கொண்டாடிய நகரம் புழுதிக்கு உரிமை கொண்டாட முன்வரவில்லை. நெடுங்காலச் சட்ட வற்புறுத்தலின் பின்னரே, 2001 முதல், ஏரிப்படுகையில் நீர் பரப்பியும் சரளைக்கல் இட்டும் புல்பூண்டு வளர்த்தும் நகரம் தன் செலவில் புழுதியை அடக்கி வருகின்றது.

மனித இயல்பின் ஒரு கூறு இங்கு புலனாகின்றது. மெல்ல உருகிவரும் பனிநீருக்கு உரிமைப் பத்திரங்கள் பல உண்டு. இடிமழை கொணரும் வெள்ளத்துக்கு ஒரு பத்திரமேனும் இல்லை. அதனை இயற்கையின் செயல் என்று கூறி விலகிவிடுகின்றோம். பயன் தரும்போது 'எனது'. கேடு தரும்போது 'இயற்கையினது'. இடிமழையைப் பொறுத்தவரை இக்கூற்றை ஒருவாறு ஏற்கலாம். அதனை எவரும் வரவழைக்கவில்லை. ஆனால் வற்றிய ஏரியின் புழுதி அத்தகையதன்று. அது மனிதன் தன் உடைமையைப் பயன்படுத்திய முறையின் விளைவு. எனவே உடைமை என்பது பயனை நுகரும் உரிமை மாத்திரமன்று; விளைவைச் சுமக்கும் கடனுமாகும். கடனைத் துறந்தவனின் உரிமை வெறும் வலிமையே.

இவ்வுண்மையைச் சட்டமும் காலந்தாழ்த்தியேனும் உணர்ந்தது. பள்ளத்தாக்குக்கு வடக்கேயுள்ள மோனோ ஏரியின் ஓடைகளையும் 1941 முதல் நகரம் திருப்பியது. ஏரி தாழ்ந்தது, உப்புச் செறிவு இருமடங்காயிற்று, கடற்பறவைகள் கூடுகட்டும் தீவு கரையோடு இணைந்து, ஓநாயினத்து விலங்குகள் அதனுட் புகுந்தன. 1976 இல் பல்கலைக்கழக மாணவர் சிலர் அங்கு சென்று நீரையும் உயிர்களையும் அளந்து எழுதினர். அவர்கள் தொடங்கிய பணியே பின்னர் இயக்கமாகி வழக்காயிற்று. 1983 இல் கலிபோர்னியா உயர் நீதிமன்றம், இத்தகைய நீர்நிலைகளை அரசு மக்களின் பொருட்டு நம்பிக்கைப் பொறுப்பாக வைத்திருக்கின்றது என்றும், முன்னர் வழங்கிய நீருரிமைகளையும் அது மீளாய்வு செய்யலாம் என்றும் தீர்ப்பளித்தது. ஓடும் நீர் அனைவர்க்கும் பொது என்ற பழைய உரோமச் சட்டக் கருத்தே இங்கு மறுபிறப்பெடுத்தது.

எனின், நகரம் நீரனைத்தையும் திருப்பிக் கொடுத்தல் வேண்டுமா? அவ்வாறு கூறுதல் அறமாகத் தோன்றினும், இன்று அந்நீரை நம்பி வாழும் மக்களை எண்ணாத மற்றொரு குறைக்கணக்காகவே முடியும். 1994 இல் மோனோ ஏரிக்கு வகுக்கப்பட்ட தீர்வு, நகருக்கு ஒரு பங்கையும் ஏரிக்கு ஒரு மட்டத்தையும் ஒதுக்கியது. அந்த மட்டத்தை ஏரி முப்பதாண்டுகள் கழிந்தும் எட்டவில்லை. பையூட் மக்களுக்கோ 1939 இன் நிலமாற்றில் நிலம் ஒதுக்கப்பட்டது. அவர்களின் நீருரிமை மட்டும் பின்னர் தீர்க்கப்படும் என ஒத்திவைக்கப்பட்டு இன்றும் தீராதிருக்கின்றது. அனைவரையும் எண்ணிய கணக்கு இன்னும் எழுதப்படவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இவ்வாண்டும் முதல் வெம்மையில் அப்பனி உருகும். தகுதி நோக்கி அது உருகுவதில்லை. தகுதி நோக்காது வந்த கொடையைப் பெற்றவன், தனக்கு முன்னர் அதனைப் பெற்றவர் யார், தனக்குப் பின்னர் அது சென்றடைய வேண்டிய இடம் எது என்று வினவக் கடமைப்பட்டவனாகின்றான். அவ்வினாவை ஏற்றுக்கொண்டவனே 'எனது' என்ற சொல்லை நாணமின்றிக் கூறத்தக்கவன்.