கலோரிக் கணக்கில் ஒரு விடுமுறை: ‘சீட் டே’ எழுப்பும் அறச்சிக்கல்

உடல் எடையைக் குறைக்க முனைவோரில் பலர், நாள்தோறும் உண்பதைக் கலோரிக் கணக்காக எழுதிவந்து, வாரத்தில் ஒரு நாள் மட்டும் அந்தக் கணக்கை மூடிவைத்துவிட்டு, விரும்பியதை விரும்பிய அளவில் உண்கின்றனர். உடற்பயிற்சிக் கூடங்களிலும் உணவுக் கட்டுப்பாடு பற்றிய பேச்சுகளிலும் ‘சீட் டே’ என்று வழங்கும் அந்நாள், கட்டுப்பாட்டை ஏமாற்றுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட நாள் என்று பொருள்படும். வழக்கம் புதியதாயினும் அதனுள் இருக்கும் கேள்வி மிகப் பழையது: ஒருவர் தாமே வகுத்து, தாமே ஏற்று, தாமே கண்காணித்துவரும் ஒரு விதியை, முன்கூட்டியே நாள் குறித்துத் தாமே மீறும்போது அங்கே ஏமாற்றப்படுபவர் யார்? நோன்பும் விருந்தும் சமயங்களில் பெற்றுள்ள இடத்தையும், தன்னடக்கம் குறித்து மெய்யியலார் நிகழ்த்திய ஆய்வுகளையும் துணைக்கொண்டு நோக்கினால், இந்த வழக்கத்தின் குறை மிகுதியாக உண்பதில் இல்லை என்பதும், மற்ற ஆறு நாட்களும் வகுக்கப்பட்ட விதத்திலேயே அது இருக்கிறது என்பதும் புலப்படும்.

கலோரி என்பது வெப்பத்தின் அலகு; உணவுக் கணக்கில் பயன்படும் கிலோகலோரி, ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பத்தைக் குறிக்கிறது. உணவை இந்த அலகால் அளக்கும் முறையை நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர். மூடிய அறைக்குள் ஒருவரை நாட்கணக்கில் தங்கவைத்து, அவர் உண்டதையும் கழித்ததையும் அவருடைய உடல் வெளிவிட்ட வெப்பத்தையும் அளந்து நடத்தப்பட்ட அவருடைய சோதனைகளின் வழியே, மாவுச்சத்திலும் புரதத்திலும் கிராமுக்கு ஏறத்தாழ 4 கிலோகலோரியும் கொழுப்பில் 9 கிலோகலோரியும் உண்டு என்ற எண்கள் வழக்கிற்கு வந்தன. இவை அளவைகள் மட்டுமே. நன்மை தீமை பற்றியோ ஒழுக்கம் பற்றியோ அவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

இந்த அளவையின்படி விடுமுறை நாள் என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். ஒருவர் தம் உடல் செலவிடுவதைவிட நாளொன்றுக்கு 500 கிலோகலோரி குறைவாக ஆறு நாட்கள் உண்டால், சேரும் பற்றாக்குறை 3,000 கிலோகலோரி. உடற்கொழுப்பு ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 7,700 கிலோகலோரி என்று கொண்டால், இது 390 கிராம் கொழுப்புக்கு ஈடாகும். ஏழாம் நாள் உடலின் செலவுக்குச் சமமாக உண்டால் இந்த இழப்பு அப்படியே நிற்கும். மாறாக, செலவைவிட 2,000 கிலோகலோரி மிகுதியாக உண்டால், வாரத்தின் நிகரப் பற்றாக்குறை 1,000 கிலோகலோரியாகச் சுருங்கி, இழப்பு 130 கிராம் என்ற அளவுக்கு இறங்கிவிடும். இதற்கு நேர்மாறான ஒரு மயக்கமும் உண்டு. விடுமுறை நாளுக்கு மறுநாள் காலையில் எடைப்பொறி ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் காட்டுவது இயல்பு; உடலில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைக்கோசன் தன் எடையைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நீரைத் தன்னோடு பிடித்துவைத்துக்கொள்வதும், உப்பு மிகுந்த உணவு மேலும் நீரைத் தேக்குவதும், இன்னும் செரித்துக் கழியாத உணவும் அதற்குக் காரணம். ஒரே நாளில் ஒரு கிலோ கொழுப்புச் சேர வேண்டுமானால், உடலின் செலவுக்கு மேலாக 7,700 கிலோகலோரி உண்டிருக்க வேண்டும்.

கணக்கின் பார்வையில், ஆகவே, விடுமுறை நாள் ஏழில் ஒரு வரவு மட்டுமே. அது குற்றமும் அன்று, கொடையும் அன்று. கூட்டிக் கழிக்கப்பட வேண்டிய ஓர் எண். அவ்வாறிருக்க, அதனைக் குற்றமென உணரும் மனநிலை எங்கிருந்து வந்தது? கலோரி எண்ணும் பழக்கத்தை அமெரிக்கப் பொதுமக்களிடம் பரப்பிய லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்ற மருத்துவரின் நூல் 1918இல், முதல் உலகப் போரின் இறுதியாண்டில், வெளிவந்தது. உணவுச் சிக்கனம் நாட்டுக் கடமையாகப் போற்றப்பட்ட அந்தச் சூழலில், உடற்பருமன் உணவைப் பதுக்குவதற்கு ஒப்பான செயலாகவே அதில் நோக்கப்பட்டது. ஆய்வகத்தில் வெறும் அளவையாகப் பிறந்த ஒன்று, வீட்டுச் சமையலறைக்குள் நுழையும்போதே பழியையும் பெருமையையும் உடன் அழைத்துவந்துவிட்டது. நோன்பின் மொழி கணக்கிற்குள் புகுந்தது. ஆனால் நோன்பை நோன்பாக்கும் மற்றவை அதனுடன் வரவில்லை.

மீறல் என்ற எண்ணமே மேலும் மீறலைத் தூண்டும் என்பதற்கு உளவியலில் சான்று உண்டு. பீட்டர் ஹெர்மனும் டெபோரா மேக்கும் 1975இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோரில் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் தரப்பட்டு, பின்னர் சுவை பார்ப்பது என்ற பெயரில் ஐஸ்கிரீம் வைக்கப்பட்டது. உணவைக் கட்டுப்படுத்தும் பழக்கமில்லாதவர்கள், வயிறு ஓரளவு நிறைந்துவிட்டதால் ஐஸ்கிரீமைக் குறைவாக உண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின், அதைக் குடிக்காத கட்டுப்பாட்டாளர்களைவிட மிகுதியாக உண்டனர். கட்டு ஒருமுறை அறுந்துவிட்டது என்ற உணர்வு பசியையும் நிறைவையும் அறியும் ஆற்றலை மழுங்கச் செய்கிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம். நாள் முழுவதையும் மீறல் என்று பெயரிட்டுத் தொடங்குகிறவர், அந்த மழுங்கலை முன்கூட்டியே வரவழைத்துக்கொள்கிறார்.

தனக்குத் தானே விதித்துக்கொண்ட கடமை உண்மையில் கட்டுப்படுத்துமா என்ற வினாவை இம்மானுவேல் காண்ட் 1797இல் வெளியான ஒழுக்கத்தின் மெய்ப்பொருளியல் பற்றிய நூலில் நேராகவே எழுப்புகிறார். கட்டுபவனும் கட்டுப்படுபவனும் ஒருவனேயானால், அவன் எப்போது வேண்டுமானாலும் தன்னை விடுவித்துக்கொள்ளலாம். அவ்வாறு விடுவித்துக்கொள்ளக்கூடிய கட்டு கட்டே அன்று. இந்த முரணைத் தீர்க்க, புலன்வழி இயங்கும் உயிரி, தன் அறிவால் தனக்கே சட்டம் வகுக்கும் சுதந்திரன் என்று ஒரே மனிதனை இரு நிலைகளில் காண வேண்டும் என்பது காண்டின் விடை. விடுமுறை நாள் இந்த ஏற்பாட்டை அப்படியே நாட்காட்டியில் பிரித்து வைக்கிறது: ஆறு நாட்கள் சட்டம் வகுப்பவனுக்கு, ஒரு நாள் புலன்களுக்கு. இருவரும் ஒருவரே என்பது அதில் மறைக்கப்படுகிறது. பெருந்தீனியைத் தன்மீதான கடமையின் மீறலாகக் கண்டித்த காண்டே, விருந்தைப் பற்றிப் பேசும்போது சற்றுத் தயங்குகிறார் என்பதும் கருதத்தக்கது. விருந்து அளவு மீறத் தூண்டினாலும், மனிதரை நெடுநேரம் கூடி உரையாடச் செய்வதால் அதில் ஓர் ஒழுக்கப் பயன் உண்டு என்றும், கூடுவோர் தொகை கிரேக்கக் கலைத்தேவியரின் எண்ணிக்கையான ஒன்பதைத் தாண்டினால் அந்தப் பயனும் குன்றும் என்றும் அவர் கருதினார். உண்ணும் அளவைவிட, உடன் உண்போரே அங்கு விருந்துக்கு நியாயம் தருகின்றனர்.

அரிஸ்டாட்டில் தம் நிக்கோமாக்கிய அறவியலின் ஏழாம் நூலில், இன்பத்தில் அளவு கடப்போரை இரு வகையாகப் பிரிக்கிறார். நல்லது இன்னதென்று அறிந்தும் ஆசையால் இழுக்கப்பட்டுத் தவறுகிறவர் ஒரு வகை. ‘அக்ரசியா’ எனப்படும் இந்த நிலையில், செய்தபின் வருத்தம் உண்டு. இன்பத்தை நாடுவதே சரியென்று தேர்ந்து அவ்வாறு வாழ்பவர் மற்றொரு வகை. அவருக்கு வருத்தம் இல்லை, எனவே திருத்தமும் இல்லை. விடுமுறை நாள் கொண்டாடுபவர் இவ்விரண்டிலும் அடங்காத ஒரு விந்தையான கலப்பு: முன்யோசனையுடன் தேர்ந்தெடுப்பதால் இரண்டாமவரைப் போலவும், மறுநாள் எடைப்பொறியின் முன் குன்றிப்போவதால் முதலாமவரைப் போலவும் இருக்கிறார். தேர்வின் நிம்மதியும் அவருக்குக் கிட்டுவதில்லை. வருத்தத்தின் திருத்தும் வலிமையும் கிட்டுவதில்லை, ஏனெனில் அடுத்த வாரத்திற்கான மீறல் ஏற்கெனவே நாட்காட்டியில் குறிக்கப்பட்டிருக்கிறது.

சமயங்களும் நோன்போடு விருந்தை இணைத்தே வைத்துள்ளன. ஆயினும் அவற்றின் அமைப்பு வேறு. மேலைக் கிறித்தவ மரபில் திருநீற்றுப் புதன் முதல் உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்திய சனி வரை 46 நாட்கள் இருந்தும் தவக்காலம் 40 நாட்களாகவே எண்ணப்படுகிறது. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளும் உயிர்ப்பை நினைவுகூரும் நாட்களாதலால் நோன்பு நாட்களாகக் கொள்ளப்படுவதில்லை. இசுலாத்தில் ரமலான் முடிந்து வரும் நோன்புப் பெருநாளன்று நோன்பிருப்பதே விலக்கப்பட்டது. மேலும், ஏழைகளும் அந்நாளில் உண்ணும் பொருட்டு ஃபித்ரா எனும் உணவுக்கொடையைப் பெருநாள் தொழுகைக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். வைணவ மரபில் ஏகாதசி, அதாவது பதினோராம் திதி, நோன்பு நாளானால், மறுநாள் துவாதசியில் உரிய நேரத்திற்குள் உணவு கொள்ளும் பாரணையோடுதான் நோன்பு நிறைவுறும். தமிழகத்தில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் அந்த உணவில் இடம்பெறும். பாகவதத்தின் அம்பரீசன் கதை இந்த நுட்பத்தைக் காட்டுகிறது. விருந்தினரான துர்வாசர் நீராடச் சென்று திரும்பாத நிலையில் துவாதசி முடியவிருந்தது. விருந்தினருக்கு முன் உண்பதும் தவறு, பாரணை நேரம் தவறுவதும் தவறு. உண்டதாகவும் உண்ணாததாகவும் கொள்ளத்தக்க நீரை மட்டும் பருகி அரசன் அந்த இக்கட்டைத் தீர்த்தான். நோன்பை முடிப்பதும் நோன்பின் விதியே என்பதால்தான் அவனுக்கு அவ்வளவு கவலை.

இவ்வழக்கங்களில் விருந்து நாளைத் தனிமனிதர் தம் ஆசைக்கேற்பக் குறிப்பதில்லை. ஊரும் மரபும் குறிக்கின்றன. விருந்து தனியே உண்ணப்படுவதில்லை, பிறருக்கும் பங்குண்டு. அனைத்திற்கும் மேலாக, உண்பவர் அந்நாளில் எதையும் மீறுவதில்லை; நோன்பிருந்தபோது கீழ்ப்படிந்த அதே விதிக்கே இலையின் முன் அமரும்போதும் கீழ்ப்படிகிறார். எடைக் குறைப்பு ஒரு சமய நோன்பு அன்று என்பதும், உடல்நலம் நோன்பின் முதன்மை நோக்கம் அன்று என்பதும் உண்மைதான். எனினும், கட்டுப்பாட்டையும் கொண்டாட்டத்தையும் பகையாக்காமல் ஒரே ஒழுங்கில் வைக்க இயலும் என்பதற்கு அவை சான்று பகர்கின்றன.

விடுமுறையே இல்லாமல் உணவைக் குறைத்த ஒருவரின் கதையைச் சம்யுத்த நிகாயம் எனும் பௌத்த நூல் கூறுகிறது. கோசல நாட்டரசன் பசேனதி மிகுதியாக உண்டு, மூச்சுத் திணறியபடி புத்தரிடம் வந்தான். விழிப்புடன் அளவறிந்து உண்பவருக்கு நோவு குறையும், முதுமை மெல்ல வரும் என்ற கருத்துடைய ஒரு பாடலைப் புத்தர் சொன்னார். அரசன் அருகிலிருந்த சுதஸ்ஸனன் என்ற இளைஞனை அதைக் கற்கச் செய்து, தான் உண்ணும் வேளையில் ஓதுவதற்காக நாள்தோறும் நூறு காசு கொடுத்தான். படிப்படியாக அவன் உணவு ஒரு நாழி அரிசிச் சோற்றில் வந்து நின்றது, உடலும் இளைத்தது. இங்கு அரசன் மேற்கொண்ட வழி, தடையைக் காட்டிலும் கவனத்தைச் சார்ந்தது. அந்தக் கவனத்திற்கு விடுமுறை தேவைப்படவில்லை, ஏனெனில் அது ஒவ்வொரு வேளையும் உண்பதோடு சேர்ந்தே வந்தது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும், முன்னுண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்பதையே பெரிதும் வலியுறுத்துகிறது.

விடுமுறை நாளுக்கு ஆதரவாகச் சொல்லப்படுவனவற்றையும் எடைபோட வேண்டும். நெடுநாள் குறைத்து உண்டால் பசியை அடக்கும் லெப்டின் எனும் இயக்குநீர் தாழ்கிறது என்பதும், மிகுதியாக உண்ணும்போது அது உயர்கிறது என்பதும் உண்மை. ஆனால் மீண்டும் குறைத்து உண்ணத் தொடங்கியதும் அந்த உயர்வு தங்குவதில்லை. அதைவிட வலுவான வாதம் மனத்தைப் பற்றியது: இளைப்பாற ஒரு நாள் இல்லாவிடில் நெடும்பயணம் பாதியில் நின்றுபோகும் என்பது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்நாளில் பலருக்கு நிம்மதி தருவது கூடுதல் பிரியாணியா, எண்ணாமல் உண்ணும் உரிமையா என்று கேட்டால், பின்னதே என்பது தெளிவாகும். எண்ணுவதிலிருந்து ஓய்வு வேண்டுமென்றால், பசிக்கேற்ப உண்டு கணக்கை மட்டும் விட்டுவைக்கலாம். திருமணமோ திருவிழாவோ வந்தால், அதனை மீறலாகக் கருதாமல் வாரக் கணக்கில் வெளிப்படையாகச் சேர்த்துவிடலாம். கட்டுப்பாடும் பெருந்தீனியும் மாறி மாறி வரும் நிலை ஏற்கெனவே உள்ளவர்களுக்கோ, விடுமுறை நாள் நோயை வளர்க்கும் களமாகிவிடக்கூடும் என்பதால், மருத்துவரின் துணையே பொருத்தமானது.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை இது: ஏமாற்றப்படுபவர் எவரும் இல்லை, ஏனெனில் உடல் உண்டதை எல்லாம் கணக்கில் வைக்கிறது, மனமும் உண்மையை அறிந்தே இருக்கிறது. வாரந்தோறும் ஏமாற்றினால்தான் தாங்க முடியும் என்ற நிலையில் ஒரு திட்டம் இருக்குமானால், அந்தத் திட்டம் மிகக் கடுமையானது. ஏழாம் நாளைப் பற்றிக் குற்றவுணர்வு கொள்வதை விட்டு, நாளொன்றுக்கு 500 கிலோகலோரி என்ற குறைப்பை 300 ஆக்கி மற்ற ஆறு நாட்களைத் தளர்த்துவதே அறிவுடைமை.