கடைசி வயலின் முறை

வருஷத்தில் இருபது நாள் மட்டுமே வேலை இருக்கிற ஒரு கருவியை ஒவ்வொரு விவசாயியும் கடன் வாங்கி வாங்குவதும், மீதி நாளெல்லாம் அதைக் கொட்டகையில் துருப்பிடிக்க விடுவதும் வீண் செலவு. பத்துப் பேர் சேர்ந்து ஒன்றை வைத்துக்கொண்டால் கடனும் மிச்சம், அதைச் செய்ய வெட்டியெடுக்கும் இரும்பும் மிச்சம். பகிர்வுப் பொருளாதாரத்தை நீடித்த வளர்ச்சியோடு சேர்த்துப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்பது இந்தக் கணக்கில்தான். கணக்கில் பிழையில்லை. ஆனால் அது ஆண்டுக்குப் போட்ட கணக்கு. வயலின் அவசரமோ நாட்களில் இருக்கிறது.

பஞ்சாபின் நெல் வயல்களில் இந்த வேறுபாடு புகையாகவே எழும்புகிறது. அங்கே நெல்லை இயந்திரம் அறுக்கிறது. அடித்தாள் நிலத்திலேயே நிற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல். அந்த ஊர் மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல்தான் தீவனம். சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை யாரும் மதிப்பதில்லை, அதனால் அதை வயலிலேயே எரித்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் வைக்கோலைக் காசு கொடுத்து வாங்க மாடு வைத்திருப்பவர்கள் இருப்பதால் இங்கே எரிப்பு குறைவு. நம்மூர் விவசாயி கூடுதல் ஒழுக்கசாலி என்று அதற்குப் பொருள் கிடையாது.

அந்தத் தாளை எரிப்பதற்கு மாற்றாக வந்த கருவிதான் ‘ஹேப்பி சீடர்’. லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் உருவாக்கியது. டிராக்டருக்குப் பின்னால் பூட்டுவார்கள். சுழலும் கத்திகள் தாளை வெட்டித் தூக்கும். திறந்த இடத்தில் கொழு மண்ணைக் கீறிக் கோதுமை விதையையும் உரத்தையும் இறக்கும். வெட்டுண்ட தாள் பின்னால் விழுந்து விதைத்த மண்ணையே மூடிக்கொள்ளும். உழவும் வேண்டாம், தீயும் வேண்டாம். 2018-இல் மத்திய அரசு பஞ்சாப், ஹரியானா, உத்தரப் பிரதேசம், டெல்லி ஆகிய இடங்களுக்காக 1,151.80 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. இப்படிப்பட்ட கருவிகளைத் தனி விவசாயி வாங்கினால் 50 சதவீத மானியம். கூட்டுறவுச் சங்கமோ விவசாயிகள் குழுவோ வாடகைக்கு விடுவதற்காக வாங்கினால் 80 சதவீதம். பகிர்ந்துகொள்ளுங்கள் என்று அரசு வாயால் சொன்னதோடு நிற்காமல் பணத்தாலும் சொன்னது.

சிக்கல் காலண்டரில் இருந்தது. நிலத்தடி நீர் வற்றுவதைத் தடுக்க 2009-இல் பஞ்சாப் ஒரு சட்டம் இயற்றி, ஜூன் 10-க்கு முன்னால் நெல் நடவு கூடாது என்றது. நோக்கம் நல்லது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது; நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. நவம்பர் பாதிக்கு மேல் விதைத்தால் கோதுமை மகசூல் குறையும். அந்த இரண்டு மூன்று வாரத்திலும் காலைப் பனியில் நனைந்த தாள் கத்தியில் சுற்றிக்கொள்ளும் என்பதால், வெயில் ஏறிய பிறகே கருவி வயலில் இறங்கும். பொழுது சாய்ந்தால் கரையேறிவிடும். நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு ஏக்கர். விடாமல் இருபது நாள் ஓடினாலும் 160 ஏக்கரைத் தாண்டாது. ஆயிரம் ஏக்கர் நெல் விளையும் ஊருக்கு ஏழு கருவியாவது வேண்டும். இரண்டை வைத்துக்கொண்டு பகிர்ந்துகொள்ளச் சொன்னால் அதைப் பகிர்வு என்று எப்படிச் சொல்வது? பற்றாக்குறையைப் பங்கு போட்டுக் கொடுப்பதுதான் அது.

ஒரு பொருளைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் பொருள்களின் எண்ணிக்கை குறைய வேண்டுமானால், அந்தப் பலரின் தேவைகளும் வெவ்வேறு நாட்களில் வர வேண்டும். அமெரிக்காவில் வாடகைக்கு அறுவடை செய்யும் குழுக்கள் மே மாதவாக்கில் டெக்சாஸில் கோதுமை அறுக்கத் தொடங்கி, பயிர் முற்றுகிற வரிசையிலேயே வடக்கு நோக்கி நகர்ந்து, மொன்டானாவையும் கனடாவையும் எட்டுகின்றன. அங்கே அட்சரேகையே முறை வைத்துக் கொடுக்கிறது. பஞ்சாபின் ஒரு கிராமத்துக்குள் அப்படி எந்த வசதியும் இல்லை. எல்லார் வயலும் ஒரே வாரத்தில் கேட்கிறது.

எல்லாரும் கேட்கும்போது யாருக்கு முதலில் என்பது அறக்கேள்வி. அது பெரும்பாலும் கேட்கப்படாமலேயே தீர்ந்துவிடுகிறது. நாற்பது ஏக்கர் ஒரே தாக்காக வைத்திருப்பவரிடம் கருவியை இழுக்கும் திறனுள்ள டிராக்டர் இருக்கிறது, முன்பணமும் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர்க்காரரின் துண்டு வயலில் வண்டி திரும்பவே பாதி நேரம் போய்விடும், டீசல் வீணாகும். எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், வெறும் சிக்கனத்தை மட்டுமே பார்த்து வரிசை போட்டாலும் சின்ன வயல் கடைசிக்குப் போய்விடும். அந்த வயலின் முறை வரும்போது விதைப்புக் காலம் முடிந்திருக்கும். ஒரு தீப்பெட்டியின் விலை என்ன?

அந்தத் தீயை வைத்தவர் குற்றவாளியா? ஆம் என்பதற்கு வலுவான காரணம் உண்டு. அந்தப் புகை டெல்லிக்குப் போவதற்கு முன்னால் அவருடைய வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள்தான் போகிறது. தேவை நெருக்கினால் அடுத்தவர் மூச்சை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டால், சாயப்பட்டறைக்காரர் ஆற்றில் கழிவைத் திறந்துவிடுவதையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். ஆனால் குற்றத்தை அவரோடு நிறுத்துவது வசதியான நேர்மை. மாற்றுவழி இருக்கிறது என்று அறிவித்து, அந்த வழியின் கடைசியில் ஒருவரை நிறுத்தி, அவர் முறை வரும் முன்பே கதவைச் சாத்தியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. 2024 நவம்பரில் திருத்தப்பட்ட அபராதத்தைப் பாருங்கள்: 2 ஏக்கருக்குக் கீழ் 5,000 ரூபாய், 2 முதல் 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000. ஒரு ஏக்கர் வைத்திருப்பவருக்கு ஏக்கருக்கு 5,000 விழுகிறது. ஐம்பது ஏக்கர்க்காரருக்கு ஏக்கருக்கு 600. கருவி யாரைத் தேடிக் கடைசியாக வந்ததோ, அவரிடமே தண்டனை கனமாக வந்து சேர்கிறது. உச்ச நீதிமன்றம் 2019-இல் வேறொரு திசையைக் காட்டியது: எரிக்காத சிறு, குறு விவசாயிகளுக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடுக்கச் சொன்னது. காத்திருப்புக்கு ஒரு விலை உண்டு, அதை ஊர் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் அதில் இருந்தது.

காவிரி டெல்டாவில் இதே கேள்விக்கு வேறு முகம். தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 2015-16 கணக்கெடுப்பின்படி 0.75 ஹெக்டேர், அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வாங்குவது கனவு. செயின் வண்டியும் டயர் வண்டியும் வெளிமாவட்டங்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வாடகைக்கு வருகின்றன. குறுவை அறுவடையின்போது வடகிழக்குப் பருவமழை வாசலில் நிற்கும். கதிர் சாய்ந்துவிட்டால் வண்டி மெதுவாகத்தான் போக முடியும், வாடகையோ மணிக்கணக்கில். நெல் நனைந்து ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் தள்ளிவைப்பார்கள். ஒரே மழை விளைச்சலையும் குறைத்து, வாடகையையும் ஏற்றி, விற்பனையையும் தடுக்கிறது. அந்த நேரத்தில்தான் வண்டி பிடித்துக் கொடுக்கும் தரகர் மணிக்கு இவ்வளவு கூடுதல் என்பார்.

கூடுதல் கேட்பது தப்பா என்பதை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று சொல்லிவிட முடியாது. விலை ஏறினால்தான் தொலைவில் சும்மா நிற்கிற வண்டி டீசல் போட்டுக்கொண்டு இங்கே வரும் என்பது உண்மை. அந்த உயர்வு ஒரு வேலை செய்கிறது. ஆனால் மழை தொடங்கிய பிறகு, ஏற்கெனவே ஊருக்குள் நிற்கும் வண்டிக்குக் கேட்கப்படும் கூடுதல் பணம் புதிதாக ஒரு வண்டியையும் கொண்டுவருவதில்லை. யார் வயல் அறுபடும், யார் வயல் முளைக்கும் என்பதை மடிச்சீலையின் கனத்தை வைத்து அது தீர்மானிக்கிறது, அவ்வளவுதான். முதல் வகை விலையேற்றத்துக்கு இடம் கொடுக்கலாம், இரண்டாவதற்குக் கூடாது. விலையேற்றத்துக்கு வரம்பு வைப்பது புதிதல்ல: செயலி வழி டாக்சிகளின் நெரிசல் நேரக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு வரைதான் என்று மத்திய அரசின் 2020 வழிகாட்டுதல் சொன்னது. 2025-இல் அதை இரண்டு மடங்காக்கியது. டெல்டா மாவட்டங்களில் ஆட்சியர்கள் வண்டி உரிமையாளர்களையும் விவசாயிகளையும் கூட்டி வைத்து வாடகை நிர்ணயிக்கிறார்கள். நிர்ணயித்த வாடகைக்கு மேல் வாங்குகிறார்கள் என்ற புகாரும் பருவம் தவறாமல் வருகிறது. டாக்சியைத் தவறவிட்டவர் பஸ்ஸில் போகலாம். முளைவிட்ட நெல்லுக்கு அடுத்த பஸ் கிடையாது.

பொதுவானதை மனிதர் பாழாக்கியே தீருவர் என்பதில்லை, விதி வகுத்துக் காப்பாற்றவும் அவர்களுக்குத் தெரியும் என்று நிறுவியதற்காக எலினோர் ஆஸ்ட்ரமுக்கு 2009-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நம் ஏரிப் பாசனத்தில் தண்ணீர் குறைந்த ஆண்டில் முறை வைத்துப் பாய்ச்சியதும், தண்ணீரைப் பங்கிட்டு விடும் நீர்க்கட்டி மடை திறந்ததும் அந்த வகைதான். அதைப் பொற்காலமாக்குவதற்கும் இல்லை. ஆயக்கட்டில் நிலம் இல்லாததால் நீர்க்கட்டி நடுநிலையாக இருந்தார் என்பார்கள். நிலம் கைக்கு வராத சாதியில் பிறந்ததால் அவரிடம் நிலம் இல்லை என்பதைச் சொல்ல மாட்டார்கள். இயந்திரம் வந்தபோது கதிர் அறுத்துக் கூலியாக நெல் வாங்கிய பெண்களின் கணக்கும் அதேபோல யாருடைய சேமிப்பிலும் எழுதப்படவில்லை.

ஆனாலும் முறைப்பாசனத்திடம் கற்க ஒன்று உண்டு: நெருக்கடி நாளுக்கான வரிசையை நெருக்கடி வருமுன் எழுதி வைப்பது. கருவிகளை விவசாயிகளுக்கு விடும் வாடகை மையம் அவற்றை ஆண்டுச் சராசரிக்கு எண்ணக் கூடாது. உச்ச வாரத்துக்கு எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் சில கருவிகள் பல மாதம் சும்மா நிற்கும். சிக்கனக் கணக்குப் பார்ப்பவர்கள் அதை வீண் என்பார்கள். மானியம் இருப்பதே அந்த வீணைத் தாங்கத்தான். சாய்ந்த பயிருக்கு வாடகையை மணிக்கணக்கில் வாங்காமல் ஏக்கர்க் கணக்கில் வாங்கினால் மழையின் நஷ்டம் இரண்டு பேர் தோளில் இறங்கும். தேவைகளையே விலக்கி வைக்கவும் வழியுண்டு. பஞ்சாப் அரசு 2024 பருவத்திலிருந்து நீண்டகாலப் பயிரான பூசா 44-ஐத் தடை செய்து, சில வாரம் முன்பே விளையும் பி.ஆர். 126 ரகத்தை ஊக்குவித்தது. அரிசி குறைவாகக் கிடைக்கிறது என்று ஆலைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் அறுவடை முந்தினால் கருவி ஓடக் கூடுதல் நாட்கள் கிடைக்கும். எந்தச் செயலியும் அந்த நாட்களை உண்டாக்கித் தராது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் வெளியே நிற்கிறார். வாய்மொழிக் குத்தகைக்கு உழுகிறவர். பஞ்சாபிலும் தஞ்சாவூரிலும் அவர் ஏராளம். நிலப் பதிவேட்டைப் பார்த்து வரிசை போட்டால் அவருடைய பெயர் கடைசியில்கூட வராது. சாகுபடி செய்கிறவர் யார் என்பதை எழுதி வைக்க நில உரிமையாளர்கள் விரும்புவதில்லை. எழுதினால் உரிமை போய்விடுமோ என்ற பயம். ஆகவே வாடகை மையங்களுக்கு முதல் வேலை இன்னொரு கருவி வாங்குவதாக இல்லாமல், உழுகிறவர் பெயரைக் கேட்டு எழுதும் ஒரு தனிப் பதிவேடாக இருக்கலாம். அந்தப் பதிவு நிலத்தின் மீது எந்த உரிமையும் தராது, கருவிக்கான முறையை மட்டும் தரும் என்று முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால் உரிமையாளர்களும் மறுக்கக் காரணம் குறையும்.