ஊர்ப் பாட்டு, யார் கணக்கு?

இரவு பதினொரு மணிக்கு மேல் அந்த ஓட்டலின் மேல்மாடிகளில் யாரும் தூங்குவதில்லை. கட்டிலைச் சுவரோரம் தள்ளியிருப்பார்கள், அல்லது வெளியேற்றியே இருப்பார்கள். மேசை விளக்கின் மேல் ஒரு வண்ணத் துணி. ஒலிபெருக்கி பெரும்பாலும் இருக்காது. ஒருவர் கிதாரோடு நிற்பார். எதிரே கட்டில் விளிம்பிலும் தரைவிரிப்பிலுமாகப் பத்துப் பதினைந்து பேர். நாலு பாட்டு முடிந்ததும் அவர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அடுத்தவர் வாசலிலேயே பெட்டியைத் திறந்துகொண்டிருப்பார். தாழ்வாரம் முழுக்கத் துண்டறிக்கைகள்: இன்னார், இந்த எண் அறையில், நள்ளிரவு தாண்டி இத்தனை மணிக்கு. விடியற்காலை வரைக்கும் இதே கூத்துதான்.

ஃபோக் அலையன்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு ஆண்டுதோறும் கூட்டும் நாட்டார் இசை மாநாட்டின் இரவு இது. 1989-ல் கலிஃபோர்னியாவின் மாலிபுவில் சின்னக் கூட்டமாகத் தொடங்கியது. பிறகு கான்சாஸ் சிட்டி, மான்ட்ரியல், நியூ ஆர்லியன்ஸ் என்று ஊர் மாறி மாறிக் கூடியிருக்கிறது. பாடகர், ஏஜெண்ட், விழா நடத்துபவர், ரெக்கார்டு கம்பெனிக்காரர், வானொலிக்காரர் எல்லாரும் ஒரே கூரையின் கீழ். பகலில் கருத்தரங்கு. மாலையில் பெரிய மண்டபங்களில், தேர்வானவர்களின் நிகழ்ச்சி. இரவில் இந்த அறைகள்.

கேட்டதுமே நம்மில் பாதிப் பேர் முகம் சுளிப்பார்கள். நாட்டுப்புறப் பாட்டுக்கு ஓட்டலில் சந்தையா, மண்ணின் கலையை விலை பேசுவதா என்பார்கள். மாநாடு அங்கேயே இருக்கட்டும். இந்த முகச்சுளிப்பைக் கொஞ்சம் விசாரிப்போம்.

நாட்டார் இசை ஆதியில் தூய்மையாக இருந்ததாம். பின்னால் காசு வந்து கெடுத்ததாம். ஏதேன் தோட்டத்தை நம்பாத நாத்திகர்கூட இந்தத் தோட்டத்தை நம்புகிறார். பாம்புக்குப் பதில் ரெக்கார்டு கம்பெனி, அவ்வளவுதான் வித்தியாசம்.

1927 கோடையில் டென்னசியும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் பிரிஸ்டல் என்ற ஊருக்கு, ஒலிப்பதிவுக் கருவியோடு ரால்ஃப் பியர் வந்தார். வந்தது விக்டர் கம்பெனிக்காக. ஆனால் அவர் கண் வைத்தது சம்பளத்தின் மேல் இல்லை. பதிவாகும் பாட்டுகளின் வெளியீட்டு உரிமையின் மேல். ஆகவே ஊருக்கே தெரிந்த பழைய பாட்டால் அவருக்கு லாபமில்லை. யாராவது ஒருவர் பெயரில் காப்புரிமை எழுதத் தோதான பாட்டு வேண்டும். அந்தப் பிரிஸ்டலில்தான் கார்ட்டர் குடும்பத்தார் முதன்முதலாகப் பதிவானார்கள். இன்றுவரை அமெரிக்க மலைநாட்டு இசைக்குப் பிள்ளையார் சுழி என்று சொல்லப்படுபவர்கள்.

அந்தக் குடும்பத்தின் ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி மலையூர்களில் அலைந்தார். கூடப் போனவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். சிமென்ட் ஆலை விபத்தில் ஒரு காலை இழந்தவர். யாராவது பாடினால் வரிகளைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் மனத்தில் வாங்கிக்கொள்வார். டேப் ரெக்கார்டர் இல்லாத காலத்தில் அவர்தான் டேப் ரெக்கார்டர். வீடு திரும்பி அவர் வாசித்துக் காட்ட, குடும்பம் கற்றுக்கொள்ளும். ரெக்கார்டில் எழுதியவர் என்று அச்சானது ஏ.பி. கார்ட்டர் பெயர். பாட்டைக் கொடுத்த மலைக்காரருக்கும் பெயர் இல்லை, மெட்டைச் சுமந்து வந்த ரிடிலுக்கும் இல்லை.

ஆக, காசு எங்கிருந்தோ பின்னால் வந்து புகுந்துவிடவில்லை. முதல் பந்தியிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. பாடினவருக்குத்தான் இலை போடவில்லை.

தூய்மை என்ற நம்பிக்கை யாருக்கு லாபம் என்று கேட்டால், பாடகர் லெட்பெல்லியின் சட்டையைப் பார்க்கச் சொல்வேன். ஹடி லெட்பெட்டர் என்பது இயற்பெயர். 1933-ல் லூசியானாவின் அங்கோலா சிறையில், பாட்டுச் சேகரிக்கப் போன ஜான் லோமாக்ஸும் மகன் ஆலனும் அவர் பாட்டைப் பதிவு செய்தார்கள். விடுதலையான பிறகு லோமாக்ஸ் அவரை மேடை மேடையாகக் கூட்டிப்போனார். லெட்பெல்லிக்குப் பிடித்தது கோட்டும் சூட்டும். வந்து உட்கார்ந்த படித்தவர்களுக்குப் பிடித்தது சிறைக் கைதியின் உடையும் பண்ணைக் கூலியின் உடையும். எது மேடையேறியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒப்பந்தப்படி வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு அப்பனுக்கும் மகனுக்கும். பாடியவருக்கு ஒரு பங்கு. அந்தக் கூட்டு சில மாதங்களில் உடைந்தது. 1949 டிசம்பரில் அவர் இறந்தார். மறு ஆண்டே, அவர் பாடிப் பாடி ஊரறியச் செய்த 'குட்நைட் ஐரீன்' வீவர்ஸ் குழுவின் குரலில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரம் முதலிடத்தில் இருந்தது.

ஏழையாகத் தெரிந்தால்தான் பாட்டு உண்மையானது என்ற இந்த ரசனைக்குக் கடல் தாண்டியும் சொந்தக்காரர்கள் உண்டு. பறையைச் சாதிக் கடமையாக்கி வைத்திருந்த ஊர், அடித்தவர் நியாயமான கூலி கேட்டபோது வழக்கத்தை மீறுகிறான் என்றது. இன்று அதே ஊரின் படித்த பிள்ளைகள், மேடைக்கு இவ்வளவு வேண்டும் என்று கலைஞர் சொன்னால், கலையைக் காசாக்குகிறார் என்று வருத்தப்படுகிறார்கள். வார்த்தை நாகரிகமாகிவிட்டது. கொடுக்கும் தொகையில் நாகரிகத்தைக் காணோம்.

இதுவரை சொன்னது வியாபாரிகளின் கதை, அவர்களைத் திட்டுவது சுலபம். கஷ்டமான கதை நல்லவர்களுடையது.

ஜோகன்னஸ்பர்கின் கேலோ ரெக்கார்டு கம்பெனியில் வேலை பார்த்த ஜூலு தொழிலாளி சாலமன் லிண்டா. 1939-ல் அவரும் அவர் குழுவும் பாடியது 'ம்பூபே', அதாவது சிங்கம். உரிமை சொற்பக் காசுக்குக் கம்பெனியிடம் போனது. அந்த ரெக்கார்டு கடல் கடந்து பீட் சீகரிடம் வந்து சேர்ந்தது. அவருடைய வீவர்ஸ் குழு அதை 'விமோவே' என்று பாடியது. எழுதியவர் என்று போட்ட பெயர் பால் கேம்ப்பெல். அப்படி ஒரு மனிதரே கிடையாது. மரபுப் பாட்டுகளுக்குக் காப்புரிமை வாங்க அந்தக் குழு வைத்துக்கொண்ட புனைபெயர். 1961-ல் டோக்கன்ஸ் குழு அதையே 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' ஆக்கியது. 1962-ல் லிண்டா ஏழையாகவே இறந்தார். 1994-ல் வந்த டிஸ்னியின் 'லயன் கிங்' படத்திலும் அந்தச் சிங்கம் தலைகாட்டியது.

சீகர் யார்? தொழிற்சங்கங்களுக்காகப் பாடியவர், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் நின்றவர், அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் தன் அரசியலைச் சொல்ல மாட்டேன் என்று மறுத்துத் தண்டனை பெற்றவர். லிண்டாவுக்கு ஆயிரம் டாலர் அனுப்பவும் செய்தார். ராயல்டி ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் என்று நினைத்துவிட்டதாகப் பின்னாளில் வருந்தினார். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. அவர் கையில் இருந்த கருத்தைச் சந்தேகிக்கிறேன். மக்கள் பாட்டு என்று நம்பிவிட்டால், மக்களில் எந்த ஆள் என்று கேட்கத் தோன்றாது.

அறிஞர்களும் இதற்கு இலக்கணம் எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். 1954-ல் சாவோ பாலோவில் கூடிய சர்வதேச நாட்டார் இசைக் கழகம், தொடர்ச்சி, மாற்றம், சமூகம் செய்யும் தேர்வு ஆகிய மூன்றும் சேர்ந்தே நாட்டார் இசையை வடிவமைக்கின்றன என்று வரையறுத்தது. நல்ல வரையறைதான். ஆனால் சமூகத்துக்கு வங்கிக் கணக்கு கிடையாது. இசைத்தட்டு உறையில் 'மரபு' என்று போட்டு, பக்கத்தில் 'இசை ஒழுங்கு: இன்னார்' என்று போட்டால், பணம் அந்த இன்னாருக்குப் போகும்.

இளையராஜாவின் ராயல்டி பற்றி நம் தேநீர்க் கடைகளில் நடக்காத விவாதமில்லை. படைத்தவருக்கே பாட்டு என்று மேசையைத் தட்டுகிறவர், வயலில் நாற்று நட்டுக்கொண்டே ஒரு பாட்டி பாடிய மெட்டு என்றால் மட்டும், அது ஊர்ச் சொத்து என்று எழுந்து போய்விடுகிறார். ஊர்ச் சொத்து என்றால் ஊருக்காவது வர வேண்டாமா?

லிண்டாவின் வாரிசுகளுக்கு நியாயம் எப்படி வந்தது தெரியுமா? மனித நேயத்தால் இல்லை. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பேரரசு போட்ட காப்புரிமைச் சட்டத்தில், படைத்தவர் இறந்து 25 ஆண்டுகள் கழித்து உரிமை வாரிசுக்குத் திரும்பும் என்று ஒரு பிரிவு. அதைத் தோண்டியெடுத்து 2004-ல் டிஸ்னி மீது வழக்குப் போட்டார்கள். 2006-ல் சமரசம் ஆனது. பல்லாண்டுகள் பாட்டின் பெருமையைப் பேசிய யாரும் செய்யாததை, காலனியச் சட்டத்தின் ஒரு பிரிவும் ஒரு வக்கீலும் செய்தார்கள்.

இப்போது ஓட்டலுக்குத் திரும்பலாம். அங்கேயும் எனக்குக் குறை உண்டு, முகம் சுளிப்பவர்களின் குறை அல்ல. பாடுகிறவர் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும், பயணச் செலவும் தங்கும் செலவும் அவருடையது. இரவு அறைகளில் பாடுவதற்குச் சம்பளம் கிடையாது; சில அறைகளில் வாடகைக்குப் பங்கும் தர வேண்டும். விற்க வந்தவர் கடைவாடகையும் கட்டி, சரக்கை இலவசமாகவும் கொடுக்கிறார். சர்வதேசம் என்ற சொல்லும் விசா அலுவலகத்தின் வாசல் வரைக்கும்தான் செல்லும்.

ஆனாலும் அந்தத் துண்டறிக்கையில் பெயர் இருக்கிறது. பாடியவர் காலையில் ஏஜெண்ட் எதிரே உட்கார்ந்து, என் தொகை இது என்று சொல்லலாம். கும்பிட்டு ஏமாற்றும் கோயிலைவிட, பேரம் பேச இடம் இருக்கும் சந்தையே மேல் என்பேன். அந்த அறைகளில் இன்னமும் இடமில்லாதவர் வேறொருவர்: பாடுகிறவருக்குப் பாட்டைக் கொடுத்தவர். இது ஒரு மரபுப் பாட்டு என்று அறிவித்துவிட்டுக் கிதாரை மீட்டத் தொடங்கும்போது, கட்டில் விளிம்பில் இருக்கும் ஒருவராவது கையைத் தூக்கி, யாரிடம் கற்றீர்கள், அவர் எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன போகிறது என்று கேட்கலாம். ரசனை கெட்ட கேள்விதான். கேட்டால் அறை கொஞ்ச நேரம் சங்கடப்படும்.

ரிடிலைக் கண்டுபிடித்ததும் அப்படித்தான். 1960-களில் பீட் சீகரின் தம்பி மைக் சீகரிடம், கார்ட்டர் குடும்பத்தைச் சேர்ந்த மேபெல் அந்தப் பெயரைச் சொன்னார். ரிடிலிடமிருந்து கிதார் நுணுக்கம் கற்றவர் அவர். மைக் தேடிப்போனபோது ரிடில் நியூயார்க் மாநிலத்தின் ராச்சஸ்டரில் இருந்தார், வாசிப்பதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மேபெல் அந்தப் பெயரை ஒருநாளும் மறந்திருக்கவில்லை. கேட்க ஆள் வரத்தான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.