சம்மதம் கேட்கும் சபை

ஆலயத்தில் நடக்கும் திருமணத்தில் மோதிரம், தாலி, பாடற்குழு, பீடத்து அலங்காரம் எதுவும் இல்லாமல் போனாலும் அது திருமணம்தான். மணமக்கள் இருவரும் தங்கள் வாயால், பிறர் காதுபடச் சொல்லும் சம்மதம் இல்லையென்றால் மட்டும் அது திருமணம் ஆகாது. இலத்தீன் வழிபாட்டு முறையைச் சேர்ந்த கத்தோலிக்கத் திருஅவை, இந்த அருளடையாளத்தை ஒருவருக்கொருவர் வழங்கிக்கொள்பவர்கள் மணமக்களே என்று கற்பிக்கிறது. குருவானவர் திருஅவையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுகிறார். அவர்கள் சார்பில் வேறு எந்த மனித அதிகாரமும் அதைக் கொடுத்துவிட முடியாது என்கிறது 1983ஆம் ஆண்டின் திருஅவைச் சட்டத் தொகுப்பு. வற்புறுத்தலாலும் கடும் அச்சத்தாலும் சொல்லப்பட்ட சம்மதம் செல்லாது என்றும் சொல்கிறது. திருமணத்தின் நன்மைகளைப் பேசுகிறவர்கள் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இடைக்கால ஐரோப்பாவில் ஆணும் பெண்ணும் தனிமையில் வாக்குக் கொடுத்துக்கொண்டாலே திருமணம் முடிந்துவிடும். பின்னொரு நாள் ஆண் மறுத்தால், பெண்ணிடம் சான்று ஏதும் இருக்காது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் திருமணத்தை முன்கூட்டி அறிவிக்கும்படி ஆணையிட்டது. நம் பங்குகளில் ஓலை வாசிப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி. 1563இல் திரெந்து பொதுச்சங்கம் பங்குக்குருவும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் இல்லாத திருமணம் செல்லாது என்றது. அதே ஆணையில் இன்னொன்றும் இருக்கிறது. பெற்றோர் சம்மதம் இல்லாத திருமணங்களைச் செல்லாதவை ஆக்கிவிட வேண்டும் என்று பிரெஞ்சு அரசின் தூதர்கள் வற்புறுத்தினார்கள். அத்தகைய திருமணங்களைச் சங்கம் விரும்பவில்லை, ஆனால் செல்லாது என்று சொல்ல மறுத்துவிட்டது. மறைவும் கூடாது, பிறர் முடிவும் கூடாது என்ற இந்த இரட்டை நிலைப்பாடு, வலிமை குறைந்தவரைக் காப்பதற்கு மனிதர் கண்ட நல்ல ஏற்பாடுகளில் ஒன்று.

திருமணம் ஆயுளையும் மன அமைதியையும் கூட்டும் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1897இல் சமூகவியலாளர் எமில் துர்க்கைம் தற்கொலைக் கணக்குகளை ஆராய்ந்தபோது மணமானவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பதைக் கண்டார். ஆனால் அதில் ஆண்களின் பங்கே பெரிது. பிள்ளையில்லாத பிரெஞ்சு மனைவியரின் நிலை, மணமாகாத பெண்களின் நிலையைவிட மோசமாக இருந்தது. 2005இல் வெளியான ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், பகைமை மிகுந்த தம்பதியரின் தோல் காயங்கள் மற்றவர்களுடையதைவிட மெதுவாக ஆறின. எனவே தாலி ஏறியதாலேயே நன்மை வந்துவிடுவதில்லை. விரும்பி ஏற்ற இருவர், ஒருவரையொருவர் மதித்து வாழும்போது வருகிறது. சட்டம் தரும் பயன் வேறு. பங்கின் திருமணப் பதிவேடு நீதிமன்றத்தில் சான்றாகும். உயில் எழுதாமல் இறந்த கணவனின் சொத்தில், பிள்ளைகள் இருந்தாலும், மூன்றில் ஒரு பங்கை 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கிறிஸ்தவக் கைம்பெண்ணுக்குத் தருகிறது.

இதற்குப் பதிவாளர் அலுவலகம் போதாதா என்று கேட்கலாம். சட்டத்தின் கண்ணில் போதும். ஆலயம் கூடுதலாகத் தருவது, அந்தச் சம்மதத்தைக் காதால் கேட்ட, அடுத்த ஞாயிறும் பக்கத்தில் வந்து அமரப்போகும் மனிதர்களை. இதைவிடக் கனமான மறுப்பு வேறொன்று: சாதி மாறி மணம் செய்பவர்களுக்கு ஓலை ஆபத்து. மூன்று ஞாயிறு வாசிக்கப்படும் பெயர்கள் அரிவாளோடு தேடுகிறவர் காதிலும் விழும். இந்த அச்சம் தமிழ்நாட்டில் கற்பனையல்ல. ஆனால் அறிவிப்பின் நோக்கமே அந்த இருவரைக் காப்பது. அதுவே அவர்களைக் காட்டிக்கொடுக்கும் இடத்தில், கடுமையான காரணம் இருந்தால் திருமணத்தை மறைவாக நடத்த ஆயர் அனுமதிக்கலாம் என்று திருஅவைச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. பெற்றோர் வந்து நிற்காமல் வயதுவந்த இருவரின் ஓலையை வாசிக்க மாட்டோம் என்று ஒரு பங்கு சொல்லுமானால், அது திரெந்து மறுத்ததைத் தானே செய்கிறது.

காதால் கேட்டவர்களுக்குக் கடமையும் உண்டு. தடை ஏதும் தெரிந்தால் சொல்லியாக வேண்டும் என்ற விதி, இரத்த உறவை மட்டும் குறித்ததல்ல. பெண்ணை மிரட்டிச் சம்மதிக்க வைத்திருக்கிறார்கள் என்று அறிந்தவர் வாயை மூடியிருப்பதும் தவறே. எத்தனை பவுன், எவ்வளவு ரொக்கம் என்று ஊருக்கே தெரிந்திருக்க, 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடுப்புச் சட்டத்தை மீறிய பேரத்துக்குப் பின் அந்த இருவரை ஆசீர்வதிக்கும் சபை, சம்மதம் கேட்ட தன் கேள்வியைத் தானே பொய்யாக்குகிறது. அடிபட்டு வரும் பெண்ணிடம், கடவுள் இணைத்த உறவு, பொறுத்துப் போ என்று சொல்வது அதைவிடப் பெரிய துரோகம். மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கும் உள்ளத்துக்கும் பெரும் ஆபத்து விளைவிக்கும் கணவனை விட்டுப் பிரிய நியாயமான காரணம் உண்டு, தாமதம் ஆபத்தானால் யாருடைய அனுமதிக்கும் காத்திராமலே பிரியலாம் என்று திருஅவைச் சட்டத் தொகுப்பின் 1153ஆம் பிரிவு சொல்கிறது. திருமணத்துக்கு முன் நடக்கும் ஆயத்த வகுப்பிலேயே, மணமகனும் உட்கார்ந்து கேட்க, அந்தப் பிரிவை மணமகளுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.