கண்ணப்பர் தேடிய மருந்து



கண்ணப்ப நாயனார் சரிதத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அவர் கண்ணை இடந்து அப்பிய கட்டத்துக்கே நாம் விரைந்துவிடுகிறோம். அதற்கு முன் நடந்ததைச் சற்று நின்று பார்ப்போம். காளத்தியப்பரின் வலக்கண்ணில் உதிரம் பெருகக் கண்ட திண்ணனார் முதலில் பச்சிலை தேடிக் கொணர்ந்து பிழிந்தார். குருதி நிற்கவில்லை. பிறகுதான், தசையின் நோயைத் தசையே தீர்க்கும் என்ற பழைய சொல் அவர் நினைவுக்கு வந்தது.

இரத்தப் புற்றுநோய் கண்ட சிலரின் நிலையும் இதுவே. மருந்துகள் தோற்றபின், இன்னொருவர் உடலிலிருந்து பெறும் ஸ்டெம் செல்களே அவர்களுக்கு உயிர்ப்பிச்சை. ஆனால் எல்லோருடையதும் எல்லோருக்கும் பொருந்தாது. இழைய வகை பெற்றோர் வழி வருவது. கூடப்பிறந்தவர் ஒருவர் பொருந்தும் வாய்ப்பே நான்கில் ஒன்றுதான். குடும்பத்துக்கு வெளியே தேடினால், ஒத்த பூர்வீகம் உடையவர்களிடமே பெரும்பாலும் பொருத்தம் கிடைக்கிறது.

1974இல் ஷெர்லி நோலன் என்ற தாய், தம் மகன் அந்தோனிக்காக இந்நாட்டில் ஒரு கொடையாளர் பதிவேட்டைத் தொடங்கினார். உறவினரல்லாத கொடையாளருக்கென உலகில் எழுந்த முதற் பதிவேடு அது. பொருத்தம் கிடைக்காமலே 1979இல் அந்தப் பிள்ளை இறந்தான். பதிவேடோ பிறர் பிள்ளைகளுக்காக நிலைத்தது. இன்று அந்தோனி நோலன் அறநிறுவனம், எந்த இனத்தாராயினும் நோயாளிக்குச் சமவாய்ப்பு வேண்டும் என்பதைத் தன் கொள்கையாகக் கொண்டிருக்கிறது. ஆயினும் அந்நிறுவனமே வெளியிட்ட ஒரு கணக்கைப் பாருங்கள். மிகச் சிறந்த பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு வடஐரோப்பிய வெள்ளையருக்கு நூற்றுக்கு 72. சிறுபான்மை இனத்தாருக்கு 37.

நம்மை யாரும் வாசலில் நிறுத்தி இப்படி ஆகவில்லை. நம் மரபு வகைகள் பலவாக இருப்பது ஒரு காரணம். அதை மாற்ற இயலாது. பதிவேட்டில் நம்மவர் பெயர் குறைவு என்பது மற்றொன்று. சென்னையில் 2009 முதல் தாத்ரி என்ற பதிவேடும் இயங்குகிறது. அங்கும் இன்னும் பல பெயர்கள் வேண்டும். கோயிலுக்கு மணி வாங்க நூறு பவுண் கேட்டால் தயங்காமல் தருகிறோம். இங்கே பணத்துக்கு வேலையில்லை.

அப்டன் பார்க்கில், கிறீன் ஸ்ட்ரீட்டில் நம்மோடு வரிசையில் நிற்பவர்கள் சில்ஹெட்டார், குஜராத்தியர், பஞ்சாபியர் எனப் பலர். நம் பிள்ளை தரும் கொடை அவர்களில் ஒருவரைச் சேரலாம், முன்பின் அறியாத வெளிநாட்டவரையும் சேரலாம். வேடன் படைத்த இறைச்சியைத் தீட்டென்று சிவகோசரியார் கலங்கினார். இறைவனோ அதை இனிதாக ஏற்றார். கொடுப்பவன் யார், பெறுபவன் யார் என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிட்டது.

பதினாறு முதல் முப்பது வயதுவரை உள்ளவர்கள் அந்தோனி நோலன் பதிவேட்டில் சேரலாம். தபாலில் வரும் பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி அனுப்பினால் போதும். பின்னர் அழைப்பு வந்தால், பத்தில் ஒன்பது பேரிடம் கை நரம்பு வழியாகவே, இரத்தம் எடுப்பதுபோல, நான்கைந்து மணி நேரத்தில் எடுத்துவிடுகிறார்கள். முன்னதாகச் சில நாட்கள் ஊசி போடுவார்கள். எலும்பு வலி, தலைவலி வரலாம். மற்றவர்களுக்கு மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். முள்ளந்தண்டை யாரும் தொடுவதில்லை. திண்ணனார் கொடுத்தது திரும்ப முளைக்காத கண். இது உடலில் மீண்டும் ஊறிவிடும்.

தாய்மாரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பதியுமுன்னே வீட்டில் எல்லோரும் பேசி முடித்துவிடுங்கள். நாள் குறித்தபின், “வேண்டாம் ராசா, உனக்கு ஏதும் ஆகிவிடும்” என்று தடுப்பது பாசம்தான். ஆனால் அந்த வேளையில், வேறொரு வைத்தியசாலையில், புதிய கலங்களை ஏற்பதற்காக நோயாளியின் சொந்த எலும்பு மச்சையை மருந்து கொடுத்து அழிக்கத் தொடங்கியிருப்பார்கள்.