கடைசிப் பந்தியின் அறம்

பொங்கலன்று இருபது பேருக்கு இலை போடும் வீட்டில், சமைத்தவள் கடைசியாகச் சாப்பிடுவதை அறம் என்றே சொல்லி வருகிறோம். முதல் பந்திக்குச் சூடான வடையும் பாயசமும். கடைசிப் பந்திக்கு நமுத்த அப்பளமும் அடிமண்டிய சாம்பாரும். இதற்குக் குறளிலேயே ஆதாரம் உண்டு என்பார்கள். விருந்தினரை உண்ணவைத்து மிஞ்சியதை உண்பவனின் நிலத்தில் விதைக்கவும் வேண்டுமோ என்று 85ஆம் குறள் கேட்பது உண்மைதான். ஆனால் அங்கே மிச்சத்தை உண்பவன் நிலத்துக்குச் சொந்தக்காரன். நம் வீடுகளில் அவன் முதல் பந்தியிலேயே உட்கார்ந்துவிடுகிறான். மிச்சம் மட்டும் கைமாறிவிட்டது.

43ஆம் குறளோ, இல்வாழ்வான் பேண வேண்டியவற்றில் விருந்தையும் சுற்றத்தையும் தனித்தனியே சொல்லி, ஐந்தாவதாகத் தன்னையும் சேர்க்கிறது. தன்னைப் பட்டினி போடுவது அங்கே புண்ணியக் கணக்கில் இல்லை. அவள் விரும்பித்தானே செய்கிறாள் என்று கேட்கலாம். இருக்கலாம். மாட்டேன் என்று சொல்ல முடிகிற வீட்டில்தான் அது தியாகம்; வருஷா வருஷம் ஒருத்தி தலையிலேயே விழுவது வெறும் வழக்கம். பரிமாற ஆள் வேண்டாமா என்றால், கல்யாணப் பந்தியில் வாளி தூக்கும் ஆண்களுக்கு வீட்டில் மட்டும் கை வராதா? வருகிற பொங்கலுக்குச் சமைத்தவளை முதல் பந்தியில் உட்கார வையுங்கள்.